வெளிநாட்டுப் பயிற்சியாளர்களைக் குறைகூறும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியக் கால்பந்து அணிக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் பொறுப்பேற்று வந்துபோன வெளிநாட்டுப் பயிற்சியாளர்களால் எந்தப் பயனும் விளையவில்லை என்றும், உள்நாட்டவரிடம் அணியை எப்போதோ ஒப்படைத்திருந்தால் இந்த நிலை வந்திராது என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டது அவருக்கு மகிழ்ச்சியளித்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. சாவியோ மெடெய்ராவுக்குப் பின் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார், அதுவும் ஐஸ்வால் என்னும் சிறிய அணியை 2017இல் தேசியக் கிளப் போட்டியான ஐ-லீக்கில் சாம்பியனாக்கிக் காட்டியவர் வந்திருக்கிறார் என்பது எளிய செய்தியன்று. ஆனால் அவருக்கு முன் வந்தவர்கள் அனைவரையும் ஒரே வரியில் தள்ளிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர்களுள் ஒருவரான ஸ்டீபன் கான்ஸ்டன்டைனின் பணிக்காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எதற்கு அவரைப் பாராட்ட வேண்டும், எதற்குக் குறைகூற வேண்டும், எது அவர் தலையில் நியாயமில்லாமல் ஏற்றப்பட்டது என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

லண்டனில் பிறந்த கான்ஸ்டன்டைன், ஆட்டக்காரராகப் பெரிய பெயர் எதையும் பெறாதவர். பயிற்சியாளராக அவர் நாடிச் சென்ற நாடுகளின் பட்டியலே அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடும்: நேபாளம், இந்தியா, மலாவி, சூடான், ருவாண்டா, மீண்டும் இந்தியா, பின்னர் பாகிஸ்தான். பெரிய கிளப்புகளின் அழைப்புக்காகக் காத்திராமல், மைதானமும் பணமும் பயணவசதியும் குறைந்த தேசிய அணிகளைச் சீர்செய்வதையே அவர் தொழிலாகக் கொண்டார். பாகிஸ்தானில் பொறுப்பேற்ற சில வாரங்களுக்குள், 2023 அக்டோபரில், இஸ்லாமாபாத்தில் கம்போடியாவை 1-0 என்று வென்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அந்நாட்டுக்கு முதல் வெற்றியைப் பெற்றுத் தந்தவரும் இவர்தான்.

இந்தியாவில் அவருடைய முதல் பணிக்காலம் 2002 முதல் 2005 வரை. 2002இல் வியட்நாமில் நடந்த எல்.ஜி. கோப்பையின் இறுதியாட்டத்தில், அந்நாட்டு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்தி நம் அணி கோப்பையுடன் திரும்பியது. மறு ஆண்டு ஐதராபாத்தில் நடந்த ஆஃப்ரோ-ஆசிய விளையாட்டுகளில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஜப்பானிடம் சைதாமாவில் 0-7 என்றும் கொல்கத்தாவில் 0-4 என்றும் தோற்றோம். அந்த ஜப்பானுக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் ஒரு வெளிநாட்டவரே, பிரேசிலின் ஜிகோ. ஆகவே, வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்பதே ஓர் அணியின் உயர்வுக்கோ தாழ்வுக்கோ காரணமாகிவிடாது என்பதை அன்றே பார்த்திருக்கலாம்.

2015 ஜனவரியில் அவர் இரண்டாம் முறையாக அழைக்கப்பட்டபோது இந்தியா ஃபிஃபா தரவரிசையில் 170க்கும் கீழே கிடந்தது. அவ்வாண்டு மார்ச்சில் 173ஆம் இடத்துக்கும் இறங்கியது. தொடக்கமும் நன்றாக இல்லை. 2018 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டத்தில் எட்டு ஆட்டங்களில் ஏழு தோல்விகள், ஒரே ஒரு வெற்றி. அவற்றுள் குவாம் தீவில் 1-2 என்று பெற்ற தோல்வியே இன்றும் பலர் நினைவில் இருக்கிறது. நம் நாட்டின் ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகைகூட இல்லாத அந்தத் தீவின் அணி, அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து அங்கேயே விளையாடிய குவாம் வம்சாவளியினரைச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது; அதைக் கட்டியவரும் ஓர் ஆங்கிலேயர், கேரி ஒயிட். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரைத் தேசிய அணியில் சேர்க்க நம் சட்டத்தில் இடமில்லாத நிலையில், அந்த வழி கான்ஸ்டன்டைனுக்கு அடைபட்டிருந்தது. இருப்பவர்களை வைத்துத்தான் அவர் அணி அமைக்க வேண்டியிருந்தது.

அந்த வேலையை அவர் செய்தார் என்பதுதான் நான் சொல்ல வருவது. தோல்விகள் தொடர்ந்த அந்த மாதங்களிலேயே, பழகிய பெயர்களை ஒவ்வொன்றாக விலக்கி இளைஞர்களைக் களமிறக்கினார். சந்தேஷ் ஜிங்கன், பிரீத்தம் கோட்டால், உதாந்தா சிங், அனிருத் தாபா, ஆஷிக் குருணியன் ஆகியோர் இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடியது இவரிடம்தான். எங்கள் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷும் இவர் காலத்தில் இந்தியச் சட்டை அணிந்தார் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க என்னால் இயலவில்லை. சுப்ரதா பாலின் கையிலிருந்த கோல்கீப்பர் பொறுப்பு குர்பிரீத் சிங் சந்துவிடம் வந்து நிலைத்ததும் இந்த ஆண்டுகளில்தான். இவர்களுள் பலர், அவர் விலகிய பின்னரும் ஐந்தாறு ஆண்டுகள், வேறு பயிற்சியாளர்களின் கீழும், அணியின் முதுகெலும்பாக இருந்தார்கள். ஒரு பயிற்சியாளர் எதை விட்டுச் சென்றார் என்று கேட்பவர், முதலில் இந்தப் பெயர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன் பலன் 2016இன் நடுப்பகுதியிலிருந்து தெரியத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் ஆப்கானிஸ்தானை வென்று தெற்காசியக் கோப்பையைப் பெற்றிருந்த அணி, லாவோசை இரு ஆட்டங்களிலும் வென்று ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இறுதிக்கட்டத்துக்குள் நுழைந்தது. மும்பையில் போர்ட்டோ ரிக்கோவை 4-1 என்று வென்றது. 2017 மார்ச்சில் யாங்கூனில் சுனில் சேத்ரி கடைசி நிமிடத்தில் அடித்த கோலால் மியான்மரை அதன் மண்ணில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தோற்கடித்தது. பெங்களூரில் கிர்கிஸ்தானையும் பின்னர் மக்காவ் அணியையும் வென்று, 2019 ஆசியக் கோப்பைக்கு இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே தகுதி பெற்றது. 2017 ஜூலையில் இந்தியா 96ஆம் இடத்தைப் பிடித்தது. 1996இல் உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த ருஸ்தம் அக்ரமோவ் காலத்தில் எட்டிய 94ஆம் இடத்துக்குப் பிறகு அதுவே உயர்ந்த நிலை.

இந்த உயர்வை முழுமையாக நம்பிவிடக் கூடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அன்றைய ஃபிஃபா கணக்கு, ஆடிய ஆட்டங்களின் சராசரிப் புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டது. யாரோடு ஆடுகிறோம், எப்போது ஆடாமல் இருக்கிறோம் என்பதைக் கவனமாகத் தீர்மானித்தால் படியேற முடிந்த காலம் அது. அந்தக் கணக்கைக் கான்ஸ்டன்டைனும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் நன்றாகவே புரிந்துவைத்திருந்தனர். ஆசியக் கோப்பையும் 16 அணிகளிலிருந்து 24 அணிகளாக விரிந்திருந்தது. எனவே, தரவரிசை எண்ணைக் காட்டி அவரைப் புகழ்வோரும், 173இலிருந்து 96க்கு வந்ததெல்லாம் வெறும் கண்கட்டு வித்தை என்று ஒதுக்குவோரும் பாதி உண்மையையே பேசுகிறார்கள்.

2019 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில் வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்ற ஏற்பாட்டின் முழு நாடகமும் அந்த ஒரு பிரிவில் நடந்து முடிந்தது. இந்தியா இடம்பெற்ற 'ஏ' பிரிவின் நான்கு அணிகளுக்கும் வெளிநாட்டவரே பயிற்சியாளர்கள். அமீரகத்துக்கு இத்தாலியின் சாக்கெரோனி, பஹ்ரைனுக்குச் செக் நாட்டின் சூகுப், தாய்லாந்துக்குச் செர்பியாவின் ரஜெவாச், நமக்குக் கான்ஸ்டன்டைன். ரஜெவாச் சாதாரணமானவரல்லர், 2010 உலகக் கோப்பையில் கானாவைக் காலிறுதி வரை அழைத்துச் சென்றவர். ஜனவரி 6 அன்று அபுதாபியில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று வென்றது. சேத்ரி இரண்டு, தாபா ஒன்று, ஜேஜே ஒன்று. 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் நாம் பெற்ற முதல் வெற்றி அது. மறுநாளே தாய்லாந்து ரஜெவாச்சை நீக்கிவிட்டு, அவருடைய உதவிப் பயிற்சியாளராக இருந்த தாய்லாந்துக்காரர் சிரிசக் யோத்யாத்தாயிடம் அணியைத் தந்தது. அவர் பஹ்ரைனை 1-0 என்று வென்றார், அமீரகத்துடன் சமன்செய்தார், அடுத்த சுற்றுக்குச் சென்றார்.

நாமோ அமீரகத்திடம் 0-2 என்று தோற்றோம். அந்த ஆட்டத்தில் பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி ஆட்டத்தில் பஹ்ரைனுடன் சமன்செய்தாலே போதும் என்ற நிலை. தொண்ணூறு நிமிடங்கள் வரை கோலின்றித் தாங்கி நின்றோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, தொண்ணூறு நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட கூடுதல் நேரத்தில், அன்று அணித் தலைவராக இருந்த பிரணய் ஹால்தர் பெட்டிக்குள் செய்த தவறுக்குப் பெனால்டி கொடுக்கப்பட்டது. ஜமால் ரஷீத் அதைக் கோலாக்கினார். இரண்டாம் இடத்தில் தகுதி பெற வேண்டிய இந்தியா, பிரிவின் கடைசி இடத்தில் வெளியேறியது. அன்றிரவே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார். எட்டு நாள்களுக்குள், ஒரே பிரிவில், தோற்ற வெளிநாட்டவரும் வென்ற வெளிநாட்டவரும் வேலை இழந்தனர்.

அவர்மீது எனக்குள்ள குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. பந்தைக் காலில் வைத்து ஆடுவதைவிட, பின்னாலிருந்து நீளமாக உதைத்து முன்களத்தில் விழும் பந்தைத் துரத்துவதையே அவர் பெரிதும் நம்பினார். பஹ்ரைனுக்கு எதிராக அந்த முறை அப்பட்டமாகத் தெரிந்தது: பந்து நம்மிடம் நிற்கவே இல்லை, எதிரணி அலையலையாக வந்துகொண்டேயிருந்தது, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அனஸ் எடத்தொடிகா காயமுற்று வெளியேறிய பின்னரும் திட்டம் மாறவில்லை. அணித் தலைவர் பொறுப்பை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக் கொடுத்தது, இளையவர்களைப் பொறுப்புக்குப் பழக்கும் எண்ணத்தில் என்றாலும், ஆசியக் கோப்பை போன்ற மேடையில் தேவையற்ற சோதனை. மூத்த ஆட்டக்காரர்கள் சிலருடன் அவருக்குச் சுமுகமான உறவு இல்லை என்ற பேச்சும் அந்நாள்களில் செய்தித்தாள்களில் அடிபட்டது. கண்டிப்பானவர்; சமாதானம் பேசத் தெரியாதவர்.

ஆனால் அவர் சக்திக்கு மீறிய சுமைகளும் இருந்தன. 2018 ஆசிய விளையாட்டுகளுக்கு இந்தியக் கால்பந்து அணியை அனுப்ப இந்திய ஒலிம்பிக் சங்கம் அனுமதி மறுத்தது. 23 வயதுக்குட்பட்டோருக்குக் கிடைத்திருக்க வேண்டிய அரிய ஆட்ட அனுபவம் பறிபோனது. அதைவிடப் பெரிய சிக்கல், உள்நாட்டுப் போட்டிகளின் அமைப்பு. 2014இல் ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம் என்றிருந்தது. பின்னர் ஐந்தாகி, 2021இல்தான் நான்கானது. கிளப்புகள் இயல்பாகவே கோல் அடிக்கும் இடத்தையும் நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்தும் இடத்தையும் வெளிநாட்டவருக்கே தந்தன. தன் கிளப்பில் நடு முன்களத்தில் ஆடாத இளைஞரை, தேசிய முகாமின் பத்து நாள்களில் எந்தப் பயிற்சியாளரால் கோல் அடிப்பவராக்க முடியும்? சுனில் சேத்ரி 2024 ஜூனில் ஓய்வு பெற்றார். 2025 மார்ச்சில் நாற்பது வயதில் அவரைத் திரும்ப அழைத்து வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோல் அடிக்கவைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அன்பரின் கடிதம் தொடாத இடம் ஒன்றுண்டு. கான்ஸ்டன்டைன் போனபின் என்ன நடந்தது? குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச் வந்தார். நீள உதையைக் கைவிட்டு, பந்தைக் கைமாற்றி ஆடும் முறையைக் கொண்டுவந்தார். 2019இல் தோஹாவில் ஆசிய சாம்பியன் கத்தாருடன் கோலின்றிச் சமன்செய்தது, 2023இல் மூன்று கோப்பைகளை வென்றது என்று அவருக்கும் நல்ல நாள்கள் இருந்தன. 2024 தொடக்கத்தில் நடந்த ஆசியக் கோப்பையிலோ மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினார். 2024 ஜூனில் நீக்கப்பட்டார். ஒப்பந்தத் தகராறு இழப்பீட்டில் முடிந்தது. அடுத்து ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ், எஃப்.சி. கோவாவையும் தேசிய அணியையும் ஒரே நேரத்தில் கவனிக்க அனுமதிக்கப்பட்டார். எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் 2025 ஜூலையில் விடைபெற்றார். அவருடைய கடைசி ஆட்டத்தில் ஹாங்காங்கிடம், மீண்டும் கூடுதல் நேரப் பெனால்டியில், 0-1 என்று தோற்றோம். அந்த ஹாங்காங் அணியின் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட், பெங்களூர் எஃப்.சி.யை இரு முறை ஐ-லீக் சாம்பியனாக்கிய அதே ஆங்கிலேயர். இந்தியக் கால்பந்தை உள்ளும் புறமும் அறிந்த ஒரு வெளிநாட்டவரை நாம் பயன்படுத்தவில்லை, ஹாங்காங் பயன்படுத்திக்கொண்டது. பின்னர் காலித் ஜமீல் வந்தும், 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தோம். பயிற்சியாளரின் கடவுச்சீட்டை மாற்றினால் மட்டும் போதும் என்றிருந்தால் அந்த ஆட்டம் வேறுவிதமாக முடிந்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஆட்டமுறை தலைகீழாக மாறுகிறது. முந்தையவரின் குறிப்புகள், ஆட்டக்காரர்களைப் பற்றிய மதிப்பீடுகள், தயாரிப்பு முறைகள் எதுவும் அடுத்தவருக்குப் பயன்பட்டதாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் ஜப்பானின் அனுபவத்தைக் குறிப்பிட வேண்டும். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் சையது அப்துல் ரஹீம் பயிற்சியளித்த இந்திய அணி ஜப்பானை 2-0 என்று வென்று, தங்கமும் பெற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தயாராவதற்காக, மேற்கு ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமரை ஜப்பான் அழைத்து வந்திருந்தது. அவர் அணியைத் தயார்செய்ததோடு நிற்கவில்லை. நாடு தழுவிய லீக் வேண்டும், பயிற்சியாளர்களுக்கு முறையான கல்வி வேண்டும் என்று வற்புறுத்தினார். 1965இல் ஜப்பான் லீக் தொடங்கியது. அவரிடம் பயின்ற நகானுமா கென்னும் ஒகானோ ஷுனிச்சிரோவும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அணியை நடத்தி வெண்கலம் வென்றனர். பிற்காலத்தில் இருவருமே ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் தலைவர்களானார்கள். ரஹீம் 1963இல் புற்றுநோயால் மறைந்தபோது, அவருடைய முறையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் ஏற்பாடு எதுவும் நம்மிடம் இல்லை. அவர் நம்மவர்தானே, அன்பரே? உள்நாட்டு மேதை ஒருவர் விட்டுச் சென்றதையே காக்கத் தெரியாத நாம், வெளிநாட்டவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று புகார் சொல்வது எப்படிப் பொருந்தும்?

கான்ஸ்டன்டைனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த சண்முகம் வெங்கடேஷ், ஸ்டிமாச் காலத்திலும் அணியுடன் இருந்தார். இரண்டு வெளிநாட்டவரின் இரண்டு வேறுபட்ட முறைகளை அருகிலிருந்து கண்ட இந்தியர் அவர். தாய்லாந்து சிரிசக்கை நம்பியதுபோல, இடைக்காலப் பொறுப்பிலாவது அவரைப் போன்றவர்களை நம்பிப் பார்க்கலாம் என்ற எண்ணம் நம் கூட்டமைப்புக்கு 2019இலும் வரவில்லை, 2024இலும் வரவில்லை.

தங்கள் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இனி தேசிய அணிக்கு எவர் அமர்த்தப்பட்டாலும், அவருடைய ஊதியத்தையும் முந்தைய அணிகளின் பெயரையும் எழுதுவதோடு, அவருடன் பணியாற்றப்போகும் இந்திய உதவியாளர்கள் யார், அவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன பொறுப்பு தரப்பட்டிருக்கிறது, 23 வயதுக்குட்பட்டோர் அணியும் அவர் மேற்பார்வையில் வருகிறதா, முகாமுக்கு ஆட்டக்காரர்களை விடுவிக்கக் கிளப்புகள் எத்தனை நாள்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கின்றன என்பவற்றையும் கூட்டமைப்பிடம் கேட்டு வெளியிடுங்கள். காலித் ஜமீலின் நியமனத்தைப் பற்றியும் இதே கேள்விகளை இப்போதே கேட்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை.